ஒரே போன் லைன்ல பிராட்பேண்டும் டயல்அப்பும் ஓடும், ஸ்ப்ளிட்டர் டப்பாவ எங்க மாட்டுறோம்ங்கிறதுதான் விசயம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல கம்ப்யூட்டர் பக்கத்துல ஒருத்தர் கேட்ட கேள்விக்கு, வீட்டுல பிராட்பேண்ட் போட்டுட்டா அந்த லைன்ல டயல்அப், அதான் போன் நம்பர் போட்டுப் போற பழைய மெதுவான நெட்டு, ஓடாது, அதுக்குத் தனியா இன்னொரு லைன் வாங்கணும்னு பதில் போட்டிருந்தீங்க. அது தப்புங்க. எங்க வீட்டுல ஏழு மாசமா ஒரே லைன்ல ஒரே நேரத்துல ரெண்டும் ஓடுது, மாடில எனக்கு பிராட்பேண்ட், கீழ எங்க அண்ணனுக்கு டயல்அப். நான் மதுரை சிம்மக்கல் பக்கம் டிவி மெக்கானிக், படிப்பு கம்மி, ஆனா வயர்ல எது போகும் எது போகாதுன்னு கொஞ்சம் தெரியும்.

இந்த 2006லயும் டயல்அப்பான்னு சிரிக்காதீங்க. வீடு எங்க அப்பா கட்டுனது, கீழ அண்ணன் குடும்பம், மாடில நாங்க, சமையல் தனித்தனி, தண்ணி மோட்டாரும் போனும் மட்டும் பொது. போன் அப்பா எழுதிப் போட்டு அஞ்சு வருசம் காத்திருந்து வந்தது, சொந்தக்காரங்க எல்லார் நோட்டுலயும் அந்த நம்பர்தான், அத யாரும் விட்டுக் குடுக்க மாட்டோம். அண்ணன் முன்னாடியே காசு கட்டி வாங்கி வச்ச டயல்அப் கார்டுல இன்னும் அறுபது மணி நேரம் பாக்கி இருந்துச்சு, காசு குடுத்து வாங்குனத ஏன் வீணாக்கணும்ங்கிறாப்ல. அவர் கம்ப்யூட்டரு விண்டோஸ் 98, நெட் கேபிள் சொருகுற லேன் கார்டே கிடையாது. மாடில இருந்து ஒரு கேபிள் இழுத்து விடலாமேன்னு நீங்க கேப்பீங்க, நானும் கேட்டேன், "உன் கணக்குல நான் பாத்தா மாசக் கடைசில நீ எத்தன எம்பி இறக்குனேன்னு கணக்கு எடுத்துட்டு வருவ"ன்னு சொல்லிட்டாரு. அதுல நியாயம் இல்லாம இல்ல. எங்க பிளான்ல மாசம் 1 ஜிபிதான், 256 கேபிபிஎஸ் வேகத்துல விடாம இறக்குனா ஒம்போது மணி நேரத்துல அந்த 1 ஜிபி காலி, அதுக்கு மேல போறதுக்கெல்லாம் தனிக் காசு. அண்ணன் டயல்அப்ல 1 எம்பி இறக்க மூணு நாலு நிமிசம் ஆகும், ஆனா அவருக்கு வேண்டியது ரெண்டு மெயிலு, பேத்தி போட்டோ ஒண்ணு, அவ்ளோதான்.

சரி விசயத்துக்கு வரேன். கனெக்சன் குடுக்க வந்தவரு மாடிக்கு வந்து என் கம்ப்யூட்டர் பக்கத்துல ஒரு சின்ன வெள்ள டப்பா, அதான் ஒரே லைன்ல வர்ற பேச்சையும் நெட்டையும் பிரிக்கிற ஸ்ப்ளிட்டரு, மாட்டி பிராட்பேண்ட் மோடத்த ஓட விட்டுட்டு கையெழுத்து வாங்கிட்டுப் போயிட்டாரு. அன்னைக்கி சாயங்காலமே சண்ட ஆரம்பிச்சிருச்சு. கீழ போன் மணி அடிச்சா மாடில நெட் கட் ஆகுது. அண்ணன் டயல் பண்ணா அவர் மோடம் கீகீன்னு கத்தி முடிக்கவே முக்குது, ஒட்டுனாலும் பத்து நிமிசத்துல அந்துருது, மதினி போன எடுத்தா உள்ள உஸ்ஸுன்னு ஒரே எரைச்சல். என் பையன் ராத்திரி 2 மணில இருந்து காலைல 8 மணி வரைக்கும் நெட் ஃப்ரீங்கிறதுனால தூங்காம உக்காந்து இறக்குவான், காலைல ஆறு மணிக்கு மதினி தங்கச்சி பரமக்குடில இருந்து கூப்பிடும், மணி அடிச்ச அந்த நிமிசமே மோடம் லைட்டு மினுக்கும், எல்லாம் போச்சு. "உங்க நெட்டு வந்துதான் எங்க போன கெடுத்துச்சு"ன்னு கீழ இருந்து, "உங்க போனாலதான் எங்க நெட்டு போகுது"ன்னு மேல இருந்து, ரெண்டு வாரம் நானும் அண்ணனும் மூஞ்சி குடுத்துப் பேசல. கம்ப்ளெயின்ட் குடுத்தா வந்த ஆளும் உங்க பேப்பர்ல சொன்னததான் சொன்னாப்ல, ரெண்டும் ஒரு லைன்ல வராது சார், இன்னொரு லைனுக்கு எழுதிக் குடுங்கன்னு. மாசா மாசம் இன்னொரு வாடகை யாரு கட்டுறது.

அப்புறம்தான் நானே ஒரு ஞாயித்துக்கிழமை வயர புடிச்சுக்கிட்டே போய்ப் பாத்தேன். தெரு டெலிபோன் போஸ்ட்ல இருந்து வர்ற வயரு மொதல்ல கீழ அண்ணன் ஹால்ல இருக்க பெட்டிக்கு வருது, அங்கயே ஒரு பேரலல், அதான் அதே லைனோட கிள வயரு, பிரிஞ்சு அண்ணன் போனுக்கும் அவர் கம்ப்யூட்டருக்கும் போகுது, மிச்சம்தான் மாடிக்கு வருது. ஸ்ப்ளிட்டரு இருக்கதோ மாடில. அதாவது கீழ இருக்க சாமானுக்கு எதுக்குமே பிராட்பேண்ட் சிக்னல வடிகட்டுற ஃபில்டர் இல்ல, நேரா லைன்ல தொங்குது. இது எப்படின்னா ஊருக்கே வடிகட்டுன தண்ணி குடுக்குறேன்னு சொல்லிட்டு கடைசி வீட்டுக் குழாய்ல மட்டும் துணி கட்டுன மாதிரி.

இதுல மாயம் ஒண்ணும் கிடையாது. போன் பேச்சுக்கு 300 ஹெர்ட்ஸ்ல இருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும் போதும், டயல்அப் மோடம் கத்துறதும் அந்த எடத்துக்குள்ளதான், அதனாலதான் அது 56 கேபிபிஎஸ் வேகத்துக்கு மேல ஏறவே ஏறாது. போன் வயர்ல வர்ற பிராட்பேண்டு, அதான் ஏடிஎஸ்எல், 25 கிலோஹெர்ட்ஸுக்கு மேல ஆரம்பிச்சு 1100 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் போகுது. ரெண்டுக்கும் நடுவுல நெறைய எடம் காலியாவே கெடக்கு, ஒண்ண ஒண்ணு தொடாது. அந்தக் காலத்துல இலங்கை டிவி ரூபவாஹினி பாக்கணும்னு மொட்டமாடில பூஸ்டர் வச்சு ரெண்டு ஆண்டெனா கட்டி ஒரே வயர்ல கீழ எறக்குனவங்களுக்கு இது சொல்லாமலே புரியும், டிவிகிட்ட ஒரு சின்ன டப்பா வச்சு பிரிப்போம்ல, அதே கததான். ஸ்ப்ளிட்டர பிரிச்சுப் பாத்தா உள்ள நாலஞ்சு காயிலு கெப்பாசிட்டருதான், போன் பக்கம் மேல் ஃப்ரீக்வன்சி, அதாவது பிராட்பேண்ட் சிக்னல், போகாம தடுக்கும். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுலயும் இதே வேல நடக்குது, பேச்சு ஒரு பக்கம் போகுது, டேட்டா டிஸ்லாம்னு ஒரு பெட்டிக்குப் போகுது. எக்ஸ்சேஞ்ச பொறுத்த வரைக்கும் எங்க அண்ணன் டயல்அப்பு வெறும் ஒரு போன் கால், அவ்ளோதான். யாரோ ஒருத்தர் ஒரு மணி நேரம் போன்ல பேசுறாரு, அத ஏன் பிராட்பேண்ட் கண்டுக்கப் போகுது.

ஃபில்டர் இல்லாம நேரா மாட்டுனாத்தான் வம்பு. போனத் தூக்குறப்ப, மணி அடிக்கிறப்ப லைன் ஒரு குலுங்கு குலுங்கும், பிராட்பேண்ட் சிக்னல் தடுமாறி விட்டுரும். அதே மாதிரி பிராட்பேண்ட் சத்தம் போனுக்குள்ள, டயல்அப் மோடத்துக்குள்ள பூந்து எரைச்சலாகும்.

நான் செஞ்சது இம்புட்டுதான். ஸ்ப்ளிட்டர மாடில இருந்து கழட்டி கீழ வயர் உள்ள வர்ற பெட்டிகிட்டயே மாட்டுனேன். அதுல லைன்னு போட்ட எடத்துல வெளில இருந்து வர்ற வயரு. போன்னு போட்ட எடத்துல இருந்து போன் வேல பாக்குற எல்லாமே, கீழ இருக்க போனு, அண்ணன் டயல்அப் மோடம், மாடில என் கூடத்துல இருக்க பேரலல் போனு. மோடம்னு போட்ட எடத்துல இருந்து தனியா ஒரு புது வயரு நேரா மாடிக்கு, அதுல என் பிராட்பேண்ட் மோடம் மட்டும். இங்கதான் நெறையப் பேரு ஏமாறுறாய்ங்க, மோடம்னு எழுதிருக்குன்னு டயல்அப் மோடத்த அங்க கொண்டு போய்ச் சொருகிருவாங்க, கூடாது, டயல்அப் போன் ஜாதி, போன் பக்கம்தான் போகணும். பழைய பேரலல் வயர் ஒண்ணு எங்கயும் போகாம சும்மா தொங்கிட்டு இருந்துச்சு, அதையும் வெட்டி விட்டேன், அதுவும் பிராட்பேண்ட் சிக்னல கெடுக்கும். ஜாயின்ட்டு பச்சையா பூத்துப் போயிருந்துச்சு, சுரண்டி சால்டர் வச்சேன். அன்னைக்கி ராத்திரி அண்ணன் டயல் பண்ணாரு, கம்ப்யூட்டர் மூலைல 44 கேபிபிஎஸ்னு காட்டுச்சு, மேல பையன் பாட்டு எறக்கிட்டு இருந்தான், லைட்டு அசையவே இல்ல. அண்ணன் மாடிக்கு ஏறி வந்து ஒரு வார்த்தையும் பேசாம அந்த மோடத்தையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, "காபி இருக்கா"ன்னாரு.

ஆனா எல்லாம் தீந்துருச்சுன்னு சொல்ல மாட்டேன். அண்ணன் டயல்அப்ல இருக்கப்ப போன் எங்கேஜ்தான், அதுக்கு ஸ்ப்ளிட்டர் ஒண்ணும் பண்ணாது. அந்த நேரம் நான் மாடில போன எடுத்தா அவர் கனெக்சன் அந்துரும், ரெண்டும் போன் பக்கம்தான. கால் வெயிட்டிங் போட்டிருந்தோம், அந்த பீப் சத்தத்துக்கும் அந்துச்சு, எடுத்துட்டோம். சிவகாசி அத்த, "உங்க வீட்டு போனு காலைல இருந்து எங்கேஜு, யாருக்கு என்னாச்சோன்னு பதறிட்டேன்"னு பஸ் ஏறியே வந்துருச்சு. இப்ப அண்ணன் ராத்திரி பத்து மணிக்கு மேலதான் டயல் பண்றாரு.

இன்னொண்ணும் கேக்குறாங்க, கீழ ஒரு பிராட்பேண்ட் மோடம், மாடில ஒரு பிராட்பேண்ட் மோடம், ஒரே லைன்ல வச்சுக்கலாமான்னு. அது ஓடாது. எக்ஸ்சேஞ்சுல ஒரு லைனுக்கு ஒரு போர்ட்டுதான், ஒரு மோடம்தான் ஒட்டும், ரெண்டாவத மாட்டுனா ரெண்டோட கனெக்சனும் தடுமாறும். அதுக்கு ஒரே மோடத்துல இருந்து லேன் வயர் பிரிச்சுக்குறதுதான் வழி.

எனக்கு இப்ப இருக்க கொற பில்லுதான். பிராட்பேண்ட் வாடகை, போன் கால் கணக்கு, அதான் யூனிட்டு, அண்ணன் டயல்அப் ஓட்டுன யூனிட்டு எல்லாம் சேந்து அப்பா பேர்ல ஒரே பில்லா வருது, பேசுன யூனிட் எது டயல்அப் யூனிட் எதுன்னு பிரிச்சுப் போடுறதில்ல. கேட்டா அதெல்லாம் தர முடியாதுங்கிறாங்க. போன் பக்கத்துல ஒரு நோட்டு தொங்க விட்டு யாரு எப்ப எவ்ளோ நேரம்னு எழுதுறோம், மதினி எழுதவே எழுதாது. எங்கள மாதிரி ஒரே லைன்ல ரெண்டு மூணு குடும்பம் இருக்க வீடு மதுரைல மட்டும் எத்தன இருக்கும், வெளில தெரியுறதில்ல. கனெக்சன் குடுக்க வர்றவங்க ஒரு நிமிசம் வயர் எங்க உள்ள வருதுன்னு பாத்து அங்கயே ஸ்ப்ளிட்டர மாட்டிட்டுப் போனா போதும், கூட ஒரு பத்து மீட்டர் வயர்தான் செலவு. நீங்களும் அடுத்த வாரம் அந்தப் பதில திருத்திப் போட்டீங்கன்னா, பாதிப் பேரு தேவையில்லாத லைனுக்கு எழுதிக் குடுத்துட்டு அலையாம இருப்பாங்க. அண்ணன் கார்டுல இன்னும் பதினோரு மணி நேரம் பாக்கி இருக்கு, அது முடிஞ்சதும் லேன் கார்டு வாங்கிக்குறேன்னு சொல்லிருக்காரு, வெல விசாரிக்கச் சொன்னாரு, விசாரிச்சுட்டு இருக்கேன்.

இப்படிக்கு,
டிவி மெக்கானிக் ஒருத்தர்,
சிம்மக்கல், மதுரை.