ஐந்தில் முடியும் எண் எப்படிப் பகா எண் ஆகும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை சிறுவர் பக்கத்தில் கேரளத்து அம்பலப்புழைக் கோயிலின் பால்பாயசக் கதை போட்டிருந்தீர்கள். கிழவர் வேடத்தில் வந்த கண்ணன் ராஜாவோடு சதுரங்கம் ஆடி, முதல் கட்டத்துக்கு ஒரு அரிசி, அடுத்ததுக்கு இரண்டு, அப்புறம் நாலு என்று 64 கட்டத்துக்கும் கேட்ட கதை. மொத்தம் 18446744073709551615 அரிசி என்று போட்டதும் சரிதான், ஓர் இலக்கம்கூடப் பிசகவில்லை. ஆனால் அதற்கு அடுத்த வரியில் ‘இது ஒரு மாபெரும் பகா எண்’ என்று எழுதிவிட்டீர்களே ஐயா, அதைத்தான் தாங்க முடியவில்லை. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எந்த எண்ணாலும் மீதியின்றி வகுபடாததுதானே பகா எண்?

ஐந்தாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி பேப்பரைத் தூக்கிக்கொண்டு வந்து, “தாத்தா, கடைசியில அஞ்சு இருக்கே, அஞ்சால வகுபடுமே” என்றாள். இரண்டு பேரும் திண்ணையில் உட்கார்ந்தோம். இலக்கங்களைக் கூட்டினால் 87, ஆக மூன்றாலும் வகுபடும். 17ஆலும் வகுத்து முடித்தபோது 72340172838076673 நின்றது, விளக்கு வைக்கும் நேரமும் ஆகிவிட்டது. முழுதாகப் பிரித்தால் 3, 5, 17, 257, 641, 65537, 6700417 ஆகிய ஏழு பகா எண்களின் பெருக்கல் அது. மொத்தம் 128 காரணிகள்! பாதிப் பலகைக்கு, அதாவது 32 கட்டத்துக்கு வரும் அரிசி 4294967295. அதை 4294967297ஆல் பெருக்கினால் முழுப் பலகையின் கணக்கு வந்துவிடும். இந்த 4294967297ஐத்தான் பகா எண் என்று கணித மேதை ஃபெர்மா நம்பினார், 1732இல் இன்னொரு மேதையான ஆய்லர் அதை 641ஆல் வகுத்துக் காட்டினார். பாயசக் கதைக்குள் இவ்வளவு இருக்கிறது, பிள்ளைகளுக்கு அதைச் சொல்லியிருக்கலாமே.

இது முதல் தடவையும் இல்லை. சில வருடங்களுக்கு முன் ராமானுஜனின் 1729ஐ 1792 என்று அச்சடித்தீர்கள். கார்டு போட்டேன், பதில் இல்லை. இங்கே தமிழ்வழிப் பிள்ளைகளின் கேள்வித்தாளில் ஒரு வருடம் ‘பகா எண்’ என்பது, மற்ற எண்களாலும் வகுபடும் ‘பகு எண்’ என்று வந்து, சரியாகப் படித்த பிள்ளைகளுக்கே மதிப்பெண் போயிற்று. கேட்கப் போனால் “ஒரு எழுத்துதானே சார்” என்றார்கள். அந்த ஒரு எழுத்தில் அர்த்தமே தலைகீழாகிவிடுகிறது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பக்கத்து வகுப்பில் மலையாளத்தில் பாடம் கேட்டுக்கொண்டிருக்க, இந்தப் பக்கம் 29 வருடம் தமிழில் கணக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். பாடப்புத்தகம் நேரத்துக்கு வராத வருடங்களில் உங்கள் பேப்பரை வெட்டித்தான் வகுப்பில் ஒட்டினேன். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில் இரண்டு வரித் திருத்தம் போடுங்கள், போதும். பேத்தி அந்தக் கதையை நோட்டில் ஒட்டி, ‘பகா’ என்பதை மட்டும் பென்சிலால் அடித்துவிட்டு, திருத்தத்தை ஒட்டக் கீழே இடம் விட்டு வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்