எடைக்குறைப்பு அறுவைக்குப் பின் தலைசுற்றலா? முதலில் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஒருவர், எழுந்து நின்றாலே கண்ணை இருட்டிக்கொண்டு வருகிறது என்று சொன்னால் வீட்டில் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "சாப்பாடு குறைஞ்சு போச்சு, உடம்புல சத்து இல்ல, உப்புப் போட்டு மோர் குடி." மோர் நல்லதுதான். ஆனால் பல நேரங்களில் அந்தத் தலைசுற்றல் மாத்திரை டப்பாவிலிருந்து வருகிறது. வெயில் ஏறிவரும் இந்த நாட்களில் இதைச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம் என்று நினைக்கிறோம்.

இரைப்பையைக் குறுக்கும் ஸ்லீவ் ஆனாலும், இரைப்பையைச் சிறு பையாக்கிக் குடலோடு நேராக இணைக்கும் பைபாஸ் ஆனாலும், எடை கண்ணுக்குத் தெரியக் குறைவதற்கு முன்பே ரத்த அழுத்தம் இறங்கத் தொடங்கிவிடுகிறது. உணவு குறைவதால் உப்பு குறைகிறது. இன்சுலின் அளவு தணிவதால் சிறுநீரகம் பிடித்துவைத்திருந்த உப்பையும் நீரையும் வெளியே விடுகிறது. போதாக்குறைக்குத் தண்ணீரும் மிடறு மிடறாகத்தான் இறங்குகிறது. நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கு மேல் ரத்தம் கால்களுக்கும் வயிற்றுக்கும் இறங்குகிறது. அதை மேலே தள்ள ரத்தக் குழாய்களை இறுக்கும் நரம்புகளின் வேகமும் எடை சட்டென்று குறையும் மாதங்களில் மட்டுப்படுகிறது. இந்த நிலையில், 110 கிலோ உடம்புக்கு எழுதிக்கொடுத்த பிரஷர் மாத்திரையை 85 கிலோவிலும் அதே அளவில் விழுங்கினால் தலை சுற்றாமல் என்ன செய்யும்?

முதலில் பார்க்க வேண்டியது நீர் பிரியும் மருந்து. பலருக்குத் தாங்கள் அதைச் சாப்பிடுவதே தெரியாது. டெல்மிசார்டான் போன்ற பிரஷர் மாத்திரையின் பெயருக்குப் பின்னால் 'எச்' அல்லது 'சிடி' என்று இருந்தால், அதற்குள் ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் என்ற நீர் பிரியும் மருந்து கலந்திருக்கிறது என்று பொருள். அட்டையின் பின்பக்கத்தைப் படித்தால் தெரிந்துவிடும். அடுத்தது சர்க்கரைக்குத் தரப்படும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை. இவையும் சிறுநீர் வழியே நீரை இழக்கச் செய்பவை. புரோஸ்டேட் தொல்லைக்குத் தரும் டாம்சுலோசினும் நிற்கும்போது அழுத்தத்தைக் கீழே இழுக்கும். இன்னொரு ஆபத்தை யாரும் கவனிப்பதில்லை. அறுவைக்குப் பின் முதல் சில வாரங்கள் மாத்திரையைப் பொடித்துச் சாப்பிடச் சொல்வார்கள். எக்ஸ்எல், எஸ்ஆர், ரிடார்ட் என்று முடியும் மாத்திரைகளை அப்படிப் பொடிக்கவே கூடாது. நாள் முழுக்க மெல்லக் கரைய வேண்டிய மருந்து மொத்தமாக ஒரே மணியில் உள்ளே இறங்கி, அழுத்தம் தடாலென்று விழும். அதற்கு ஈடான சாதாரண மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். எதையும் தானாக நிறுத்தவும் வேண்டாம். அட்டெனோலால், மெட்டோப்ரோலால், குளோனிடின் போன்ற பிரஷர் மருந்துகளைச் சட்டென்று விட்டால் நாடித்துடிப்பும் அழுத்தமும் எகிறும்.

மருத்துவரிடம் போகும்போது கையில் கணக்கு இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் படுத்திருந்து ஒரு முறை, எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்றாவது நிமிடத்தில் ஒரு முறை அழுத்தம் பாருங்கள். நாடித்துடிப்பையும் குறியுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால், நிற்கும்போது அழுத்தம் விழுகிறது என்பது உறுதி. நின்று பார்க்கும்போது கையைத் தொங்கவிடாதீர்கள். தொங்கும் கை கூடுதலாகக் காட்டி வீழ்ச்சியை மறைத்துவிடும். மார்பு உயரத்தில் அலமாரித் தட்டின் மேல் வையுங்கள். அழுத்தம் பார்க்கும் கருவியின் கைப்பட்டையும் ஏமாற்றும். பருமனாக இருந்தபோது வாங்கிய பெரிய பட்டையை இளைத்த கையில் சுற்றினால் உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும். கையின் சுற்றளவை டேப்பால் அளந்து பாருங்கள். பட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் சென்டிமீட்டர் அளவுக்குள் அது வர வேண்டும். எடை குறையக் குறைய இதையும் மாற்ற வேண்டியிருக்கும்.

இனி தண்ணீர். நின்றால் மயக்கம் வருபவர்களுக்குப் பொதுவாகச் சொல்வது, எழுவதற்கு முன் இரண்டு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடியுங்கள் என்பது. எடைக்குறைப்பு அறுவை செய்துகொண்டவர்களுக்கு அது ஆகாது. ஸ்லீவ் செய்த புதிதில் இரைப்பை கொள்ளும் அளவே 100 முதல் 150 மில்லிதான். மடமடவென்று குடித்தால் நெஞ்சு வலிக்கும், வாந்தி வரும், இருந்த நீரும் போய்விடும். நாளுக்கு ஒன்றரை லிட்டராவது வேண்டும் என்றால் 30 மில்லி வீதம் 50 முறை. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை குடித்தாலே எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அரை மணி தண்ணீர் கூடாது என்ற விதியையும் சேர்த்தால், காலை ஆறு மணிக்கே தொடங்காதவர் இரவுக்குள் முடிக்க முடியாது. தாகம் எடுக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அரை லிட்டர் பாட்டில் மூன்றை நிரப்பி வைத்து, முதலாவது பத்தரை மணிக்குள் காலியாகிறதா என்று பார்ப்பது எளிய வழி. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதும்.

உப்பைக் கூட்டுவதற்கு முன் இதயச் செயலிழப்போ சிறுநீரகக் கோளாறோ இல்லை என்று மருத்துவர் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பின், 200 மில்லி நீர் மோரில் கால் தேக்கரண்டி உப்பு, அதாவது ஏறத்தாழ ஒன்றரை கிராம், காலையிலும் மாலையிலும் சேர்க்கலாம். தெளிந்த ரசமும் நல்லது. இளநீரை மட்டும் நம்ப வேண்டாம். அதில் பொட்டாசியம் மிகுதி, சோடியம் குறைவு. டெல்மிசார்டான் வகை மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அந்தப் பொட்டாசியமே தொல்லையாகலாம். கடையில் ஓஆர்எஸ் (நீரிழப்புக்குக் கரைத்துக் குடிக்கும் உப்பு-சர்க்கரைக் கலவை) வாங்கினால் உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று அச்சிட்ட பொடிப் பொட்டலமாக வாங்குங்கள். ஒரு லிட்டருக்கானது என்றால் ஒரு லிட்டரில்தான் கரைக்க வேண்டும். அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானம் ஓஆர்எஸ் ஆகாது. கலவை சரியில்லாத பானங்களின் பெயரில் அந்தச் சொல்லையே போடக் கூடாது என்று 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டது. பைபாஸ் செய்தவருக்கு அந்தச் சர்க்கரை குடலில் நேராக இறங்கி, படபடப்பு, வியர்வை, தலைசுற்றல் எல்லாம் அரை மணிக்குள் வரும்.

படுக்கையிலிருந்து எழுமுன் பாதங்களை இருபது முறை மேலும் கீழும் அசைத்து, விளிம்பில் இரண்டு நிமிடம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, பிறகு பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். இந்திய முறைக் கழிப்பறையில் குந்தி எழும்போது அழுத்தம் மிக வேகமாக விழும். சுவரில் ஒரு கைப்பிடி பொருத்துவது பெரிய செலவில்லை. கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் குளிப்பது ரத்தக் குழாய்களை விரித்துவிடும். ஸ்டூலில் உட்கார்ந்து குளியுங்கள், கதவைத் தாழிட வேண்டாம். ரேஷன் கடை வரிசையிலோ கோயில் வரிசையிலோ தலை லேசாகும்போது கால்களைக் குறுக்கே பின்னித் தொடையையும் பிட்டத்தையும் இறுக்கினால் அரை நிமிடத்தில் அழுத்தம் ஏறும். தவறினால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. முழங்கால் வரையிலான காலுறையால் பெரிய பயன் இல்லை. இடுப்பு வரை வருவதை நம் வெயிலில் போட முடியாது. அறுவை மருத்துவர் அனுமதித்தால் வயிற்றுப் பட்டையை எழுமுன் கட்டிக்கொள்வது நடைமுறைக்கு ஒத்து வரும்.

நின்றதும் வருவது ஒன்று, சாப்பிட்டு ஒன்று முதல் மூன்று மணி நேரத்தில் வருவது வேறு. பின்னது பெரும்பாலும் சர்க்கரை இறங்குவது. அறுவையாகி ஓராண்டுக்குப் பிறகுகூடத் தொடங்கும். அந்த நேரத்தில் குளுக்கோமீட்டரில் பார்த்து, 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ், கால் மணி கழித்து மறுபடி சோதனை, சரியானதும் கொஞ்சம் சுண்டல் அல்லது முட்டை. மாதங்கள் கழித்து மெல்ல மெல்ல வரும் தலைசுற்றலுக்கு ரத்தத்தில் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (இரும்புச்சத்து இருப்பு), வைட்டமின் பி12 பார்க்க வேண்டும்.

அருகிலுள்ள மருத்துவமனைகளுக்கும் ஒரு விண்ணப்பம். தலைசுற்றல் என்று வந்தவருக்கு உடனே குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவது நம் ஊர் வழக்கம். பல நாளாக வாந்தி எடுத்தவருக்குத் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, குழப்பம் எல்லாம் அதன் அறிகுறிகள். முதலில் தயமின், பிறகு குளுக்கோஸ். கறுப்பாக மலம் போவது, மயங்கி விழுவது, மேல் எண் 90க்குக் கீழே நிற்பது, முதல் வாரங்களில் நாடித்துடிப்பு 120க்கு மேல் போவது ஆகியவற்றுக்கு மோர் மருந்தாகாது. அன்றே அறுவை செய்த மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அறுவை செய்யும் மருத்துவமனைகள் டிஸ்சார்ஜ் சம்மரியில் இரண்டு வரிகள் கூடுதலாக எழுதலாம். நின்ற நிலையில் எடுத்த அழுத்தம் ஒன்று. ஒவ்வொரு பிரஷர், சர்க்கரை மாத்திரையையும் எந்தத் தேதியில் மறுபடி பரிசீலிக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதல் தேதி ஒரு வாரத்துக்குள் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உடல்பருமன் அறுவைக்குப் பிந்தைய கண்காணிப்புச் செவிலியர்கள், உணவியல் ஆலோசகர்கள்,
மதுரை