கொக்குக்கு, தப்பிய மீனைப் பற்றி

ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்
23.3.2025, ஞாயிறு இரவு

மாப்ளே கொக்கு,

முதலில் திட்டி முடித்துவிடு, அப்புறம் படி. உன் அப்பா தவறி இரண்டு மாதம் ஆகப்போகிறது. நான் அனுப்பியது ஒரு கும்பிடும் கைப் படமும் 'ஆழ்ந்த இரங்கல்' என்ற இரண்டு வார்த்தையும்தான். யாரோ கவுன்சிலர் அனுப்புகிற மாதிரி. மறுநாள் கூப்பிட்டபோது சித்திதான் எடுத்தார்கள், 'அவன் காட்டுக்குப் போயிருக்கான்யா' என்றார்கள். அப்புறம் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டேன். தள்ளிப்போடப் போட, எந்த வார்த்தையில் ஆரம்பிப்பது என்பதே பெரிய மலையாகிவிட்டது. அவரைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நேற்று நடந்ததைச் சொல்லாமல் அவரிடம் வர முடியாது.

வீட்டில் எல்லோரும் சுகம். பெரியவள் காலேஜ் பதிலுக்குக் காத்திருக்கிறாள். சின்னவனுக்கு ழகரம் வந்துவிட்டது, உனக்கு இன்னும் வரவில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். எனக்கு முட்டி வலி, சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது. மொட்டை அட்லாண்டாவிலிருந்து கூப்பிட்டு அதே மாட்டுவண்டிக் கதையை நாற்பதாவது தடவை சொன்னான். இந்தத் தடவை வண்டியில் மாடு மூன்று.

சரி, விஷயம். நேற்று ஒரு மீனைத் தவறவிட்டேன்.

'இதுக்கா ரெண்டு மாசம் கழிச்சு லெட்டர்' என்று நீ கேட்பது காதில் விழுகிறது. மீன் பெயர் பாஸ். என் மேனேஜரா என்று கேட்காதே, அந்த ஜோக்கை என் மனைவி ஏற்கெனவே நூறு தடவை அடித்துவிட்டாள். நம்மூரில் ஓட்டல்காரன் கொடுவாயை சீ பாஸ் என்று எழுதி வைப்பான், அதுவும் இல்லை. இது நன்னீர் மீன். உடம்பு பாசிப் பச்சை, பக்கவாட்டில் தலையிலிருந்து வால்வரை கரித்துண்டால் இழுத்த மாதிரி ஒரு கோடு. வாய் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமில்லாத அளவு. திறந்தால் அரைமூடித் தேங்காய் உள்ளே போகும். குணம் அப்படியே விரால்தான். செடிக்கடியில், கட்டைக்கடியில் அசையாமல் கிடந்து, பக்கத்தில் எது போனாலும் பாயும்.

நான் போன ஏரி லேக் ஃபோர்க், டாலஸுக்குக் கிழக்கே. 1980இல் அணை கட்டித் தேக்கியது. காட்டை முழுக்க வெட்டாமலே தண்ணீரை விட்டுவிட்டார்கள். இன்றைக்கும் ஏரிக்கு நடுவில் செத்த மரங்கள் மொட்டையாக நிற்கின்றன. நம் கண்மாய்க்குள் கருவேல மரங்கள் நிற்குமே, அதே காட்சி, ஆனால் பார்வைக்கு எட்டுகிற தூரம் வரைக்கும். டெக்சாஸின் மிகப் பெரிய பாஸ் இங்கேதான் கிடைத்தது: 1992 ஜனவரி, பாரி செயின்ட் கிளேர் என்பவர் பிடித்தது, 18.18 பவுண்டு, எட்டே கால் கிலோ. அவர் பாஸ் பிடிக்கப் போகவே இல்லை என்பதுதான் கூத்து. கிராப்பி என்கிற சின்ன மீனுக்கு உயிர்க்குஞ்சு மாட்டிப் போட்டிருந்தார், இது வந்து கடித்தது. இதைப் படித்த அன்றே நான் தூண்டில் கடைக்குப் போவதை நிறுத்தியிருக்க வேண்டும்.

நிறுத்தவில்லை. வீட்டில் இப்போது ஏழு தூண்டில் கம்பு இருக்கிறது. மனைவி எண்ணியது ஏழு, காருக்குள் ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியாது. ஏன் இத்தனை என்றால், உனக்கு நான் விளக்கவே வேண்டாம், உன் வீட்டில்தானே கற்றுக்கொண்டேன். அப்பா மூங்கில் வாங்கும்போது கடைக்காரன் முகத்தைப் பார்க்க மாட்டார். கம்பை எடுத்து ஒரு உதறு உதறுவார், நுனி மட்டும் ஆடுகிறதா, நடுவிலிருந்து ஆடுகிறதா என்று பார்ப்பார். நுனி மட்டும் ஆடுவது விராலுக்கு, முழுசாக வளைவது கெண்டைக்கு. இங்கே அதையே இரண்டாகப் பிரித்துக் கம்பிலேயே அச்சடித்து விற்கிறார்கள். எவ்வளவு பலம் என்பது ஒன்று, 'பவர்'. எந்த இடத்திலிருந்து வளைகிறது என்பது இன்னொன்று, 'ஆக்‌ஷன்'. மீடியம் ஹெவி, ஃபாஸ்ட் என்று போட்டிருந்தால் விறைப்பான கம்பு, நுனி மட்டும் வளையும். இவ்வளவுதான் சாஸ்திரம். மீதியெல்லாம் பெயின்ட்.

ஆனால் எந்தக் கம்புக்கு எந்த லூர், அதாவது போலி இரை, என்பதில் விளையாட முடியாது. கிராங்க்பெயிட் என்று ஒன்று, பிளாஸ்டிக் குஞ்சுமீன், முன்னால் ஒரு உதடு, இழுத்தால் ஆடிக்கொண்டே முங்கிப் போகும். வயிற்றுக்கடியில் மூன்று முனை முள் இரண்டு தொங்கும். அந்த முள் சின்னது, லேசாகத்தான் பிடிக்கும். விறைப்பான கம்பால் இழுத்தால் மீன் தலையை ஆட்டும்போது பிய்த்துக்கொண்டு போய்விடும். அதற்கு நடுவரை வளைகிற கம்புதான் சரி. மாறாக, டெக்சாஸ் ரிக் என்று புழுவை முள்ளில் கோக்கிற முறை ஒன்று, அதற்கு விறைப்பான கம்பு வேண்டும்.

இந்த ரிக்கை மட்டும் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன், என் அவமானமே அதில்தான் இருக்கிறது. ரப்பர் புழு, ஒரு சாண் நீளம். இந்த ரப்பர் புழுவை நிக் கிரீம் என்பவர் 1949இல் ஒஹாயோ மாநிலத்தில் அக்ரன் நகரில் செய்தார். அப்புறம் கம்பெனி வந்து சேர்ந்த டைலர் நகரம் இந்த ஏரிக்குப் பக்கம்தான். தூண்டில் நரம்பில் முதலில் துப்பாக்கிக் குண்டு மாதிரி கூம்பு ஈயத்தைக் கோத்துவிடுவோம், அது கட்டாமல் சும்மா ஓடும். அப்புறம் முள், கழுத்தில் ஒரு மடிப்பு இருக்கும். முனையைப் புழுவின் தலையில் கால் அங்குலம் குத்திப் பக்கவாட்டில் வெளியே எடுக்க வேண்டும், முள்ளைத் திருப்ப வேண்டும், பிறகு முனையை மறுபடி புழுவின் வயிற்றுக்குள் புதைத்துவிட வேண்டும். வெளியே முள்ளே தெரியாது. செடி, கட்டை, வேர் எதில் இழுத்தாலும் சிக்காமல் நழுவி வரும். நம் கண்மாயில் இது இருந்திருந்தால் நாம் அறுத்துவிட்ட தங்கூசி நரம்பில் பாதி மிஞ்சியிருக்கும்.

சிக்காத முள் மீன் வாயிலும் சும்மா சிக்காது. அங்கேதான் கம்பு. சுண்டுகிற சுண்டில் முனை முதலில் ரப்பரைக் கிழித்து வெளியே வர வேண்டும், அப்புறம் தாடையில் ஏற வேண்டும். இரண்டு வேலை, ஒரே சுண்டு.

நேற்று என் ஆபீஸ் தெலுங்கு நண்பர் ஒருவரின் படகில் போனேன். விடியற்காலை, நல்ல காற்று. மீடியம் ஹெவி கம்பில் பெயிட்காஸ்ட் ரீல் போட்டு டெக்சாஸ் ரிக் கட்டியிருந்தேன். அந்த ரீலில் உருளையைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டே வீச வேண்டும், விட்டால் நரம்பு போகிற வேகத்தைவிட உருளை வேகமாகச் சுற்றிக் குருவிக்கூடு கட்டிவிடும். எதிர்காற்றில் வீசினேன், கட்டிவிட்டது. பிரிக்கப் பிரிக்க சிக்கு. நண்பர் வேறு ஓரக்கண்ணால் பார்க்கிறார். பொறுமை போய், பக்கத்தில் கிடந்த சின்ன ஸ்பின்னிங் கம்பில் அதே ரிக்கைக் கட்டினேன். மீடியம் லைட், அதாவது இளகின கம்பு, எட்டு பவுண்டு தாங்கும் நரம்பு. சின்னப் புழுவை நடுவயிற்றில் கோத்து, முனை வெளியே தெரிய மெதுவாக முங்கவிடுவதற்கு வைத்திருந்த கம்பு. தப்பு என்று தெரியும். தெரிந்தேதான் கட்டினேன்.

இரண்டு மரத்துக்கு நடுவில் போட்டேன். ஈயம் அடியில் தட்டியது. லேசாகத் தூக்கி இறக்கினேன். டக், டக். விரல்நுனியில் யாரோ தட்டிக் கூப்பிடுகிற மாதிரி. நரம்பு காற்றுக்கு எதிராகப் பக்கவாட்டில் நகர்ந்தது. சுண்டினேன். கம்பு வளைந்தது, வளைந்துகொண்டே இருந்தது, கைப்பிடி வரை வளைந்தது. என் பலம் எல்லாம் கம்பு வளைவதிலேயே போய்விட்டது. அப்புறம் அது மேலே வந்தது. முழுசாக வரவில்லை, தலையும் தோளும் மட்டும். வாயைத் திறந்து ஒரு தடவை தலையை உதறியது. புழு பறந்து வந்து என் சட்டையில் ஒட்டியது.

எடுத்துப் பார்த்தேன். புழுவின் முதுகெல்லாம் உப்புத்தாள் தேய்த்த மாதிரி சொரசொரவென்று பல் தடம். வயிற்றுப் பக்கம் வழுவழுப்பு அப்படியே இருந்தது. முள் முனை வெளியே வரவே இல்லை மாப்ளே. நான் வைத்த இடத்தில் வைத்தபடி பத்திரமாகப் படுத்திருந்தது. இத்தனை நேரமும் அது தன் இஷ்டத்துக்குப் புழுவைக் கவ்விக்கொண்டு வந்திருக்கிறது, போதும் என்று தோன்றியதும் துப்பிவிட்டது.

எத்தனை கிலோ என்று கேட்காதே. நண்பர் மூன்று என்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை, சொன்னால் மொட்டையின் மாடு மாதிரி ஆகிவிடும்.

இதில் நீ சிரிக்கப்போகிற இடம் இனிமேல்தான். பிடித்திருந்தாலும் அதை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்க முடியாது. அந்த ஏரியில் 16 அங்குலத்திலிருந்து 24 அங்குலம் வரை இருக்கிற பாஸைத் திரும்ப விட்டுவிட வேண்டும், சட்டம். 24க்கு மேல் ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் இங்கே அந்த அளவு மீனைக் கொன்று தின்றேன் என்று சொன்னால் பேசமாட்டார்கள். 13 பவுண்டுக்கு மேல் பிடித்து, அதுவும் இந்தச் சீசனில் பிடித்தால், அரசாங்கத்துக்குக் கடனாகக் கொடுக்கலாம். வண்டி வந்து ஏதென்ஸ் என்கிற ஊரில் இருக்கும் மீன்பண்ணைக்கு ஏற்றிப்போய், முட்டையிட வைத்து, திருப்பி அனுப்புவார்கள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிற கணக்கு. வளைகாப்பு மட்டும்தான் பாக்கி.

ஆக, எப்படியும் விடப்போகிற மீன். அது தானே போய்விட்டது. பிறகு ஏன் ராத்திரி இரண்டு மணி வரை தூக்கம் வரவில்லை?

படுத்துக்கொண்டே யோசித்தேன். அப்பா பின்மண்டையில் ஒன்று போட்டிருப்பார். தப்பவிட்டதற்கு இல்லை, தெரிந்தே தப்பான கம்பை எடுத்ததற்கு. அந்த மடைப்பக்கம் நாம் கெண்டைக் கம்பில் தவளையைக் கட்டிய அன்றைக்கு வாங்கினோமே, அதே அடி. அன்றைக்கு அழுதது நீ, நான் இல்லை, அதில் மாற்றமில்லை.

அப்புறம் அந்தச் செம்பரப்பு ஞாபகம் வந்தது. தண்ணீருக்கு மேலே ரத்தக் கலரில் விரால் குஞ்சுகள் கொத்தாகக் கொதித்துக்கொண்டு நகர, நாம் தவளையைக் குறிபார்த்து வீசப்போனோம். அவர் தண்ணீருக்குள் இறங்கி வந்து கம்பைப் பிடுங்கினார். தாய் போனால் அரைமணி நேரத்தில் குஞ்சை எல்லாம் கெளுத்தி தின்றுவிடும் என்றார். கத்தவில்லை, சாதாரணமாகச் சொன்னார். இங்கே பாஸும் இப்போது கரையோரம் குழிபறித்து முட்டையிடுகிற நேரம், ஆண்தான் காவல் நிற்கும். கூட்டில் நிற்கிறதைக் கண்ணால் பார்த்தே பிடிக்கிறவர்கள் நிறையப் பேர், சட்டப்படி தப்பில்லை. நானும் ஒருநாள் போட்டுப் பார்க்கப் போனேன். கை வரவில்லை. ஏன் என்று படகில் கேட்டார்கள், முட்டி வலி என்றேன்.

அவர் காரியத்துக்கு நான் இல்லாமல் போய்விட்டேனே கொக்கு. டிக்கெட், விசா ஸ்டாம்பிங் என்று அன்றைக்குக் காரணம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

சரி. ஏப்ரல் இரண்டாம் வாரம் மச்சினன் மதுரை வருகிறான். உனக்கு நாலு ரப்பர் தவளை கொடுத்தனுப்புகிறேன். உள்ளே காற்று, இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டி மேல்பார்த்து இருக்கும், ஆகாயத்தாமரை மேல் இழுத்தாலும் சிக்காது. கூடவே ஒரு சுருள் பின்னல் நரம்பு, ஐம்பது பவுண்டு, இழுவையே இருக்காது. தங்கூசியில் கட்டினால் வீண், அது நீண்டு கொடுக்கும். தண்ணீர் வெடித்ததும் சுண்டாதே. விரால் தவளையை உள்ளே இழுத்துத் திரும்பட்டும், நரம்பு இறுகட்டும், அப்புறம் சுண்டு. உன் அவசரத்துக்கு இதுதான் கஷ்டம். முடிச்சை இறுக்கும் முன் எச்சில் தடவு.

ஒரு தகவல், டீக்கடையில் சொல்லிக்கொள்: நம் விரால் வகையறாவை உயிரோடு இந்த நாட்டுக்குள் கொண்டுவரத் தடை. 2002இல் மேரிலாண்டில் கிராஃப்டன் என்கிற ஊரில் ஒரு குளத்தில் சீன விரால் குஞ்சு பொரித்துப் பெருகிவிட்டது, குளத்துக்கே மருந்தடித்துக் கொன்றார்கள். டிவி முழுக்க அதுதான். நாம் குழம்பு வைத்ததை இவர்கள் தேடப்படும் குற்றவாளி ஆக்கிவிட்டார்கள்.

கடைசியாக ஒரு வேலை. அப்பாவின் விரால் கம்பு தாழ்வாரத்து இறவாணத்தில் செருகியிருந்ததே, இன்னும் இருக்கிறதா? இருந்தால் எத்தனை அடி என்று அளந்து எழுது. அடியிலும் நுனியிலும் சுற்றளவு நூலில் பிடித்துச் சொல். அப்புறம் கம்பைப் படுக்கைவாட்டில் கட்டி, நுனியில் அரைக்கிலோ படிக்கல்லைத் தொங்கவிட்டு, எந்தக் கணுவிலிருந்து வளைகிறது என்று தெரிகிற மாதிரி பக்கவாட்டில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. படிக்கல் இல்லாவிட்டால் அரைக்கிலோ சீனிப் பொட்டலமும் போதும். இங்கே வெறும் கம்பு வாங்கி நாமே வளையம் கட்டிக்கொள்ளலாம்.

சித்திக்கு என் வணக்கம். தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

உன்
ஆமை