வாசிப்பவரிடம்தான் செல்லோ கற்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இசைத்துறை வேலைவாய்ப்புகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரை, மேற்கத்திய செவ்வியல் கருவி கற்றவர்களுக்கு மேடை கிடைக்காவிட்டால் ஆசிரியர் வேலை இருக்கிறது என்று சொல்லி முடிகிறது. வயலின் குடும்பத்தைச் சேர்ந்த, உட்கார்ந்து கால்களுக்கு இடையே நிறுத்தி வில்லால் வாசிக்கும் பெரிய கருவியான செல்லோவைப் பொறுத்தவரை இது தவறான வழிகாட்டல். அந்தக் கருவியில் வாசிப்பதும் சொல்லிக்கொடுப்பதும் ஒரே தொழிலின் இரண்டு கைகள். ஒன்று தளர்ந்தால் மற்றதும் தளரும்.

செல்லோ கலைஞர் யானோஸ் ஸ்டார்க்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 1924-ல் புடாபெஸ்ட்டில் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே தன்னைவிடச் சிறியவர்களுக்குப் பாடம் எடுத்தார். 1948-ல் அமெரிக்கா போய் டல்லாஸ், நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆபரா, சிகாகோ என்று மூன்று இசைக்குழுக்களில் முதன்மைச் செல்லோ நாற்காலியில் அமர்ந்தார். 1958-ல் சிகாகோவை விட்டு இந்தியானா பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராகப் போனார். மேடை கிடைக்காமல் போனவர் அல்லர். ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் செல்லோ சூட்டுகளை (பல பகுதிகள் கொண்ட தனிச் செல்லோ படைப்புகளை) வாசித்த ஒலிப்பதிவுக்காக அவர் கிராமி விருது பெற்றது 1998-ல், அதாவது நாற்பது ஆண்டு ஆசிரியப் பணிக்குப் பிறகு. 2013-ல் இறக்கும்வரை வகுப்பறையை விடவில்லை.

அவருடைய குரு அடோல்ஃப் ஷிஃபர். ஷிஃபரின் குரு டேவிட் போப்பர், வியன்னா அரசவை ஆபராவில் முதன்மைச் செல்லோ வாசித்தவர், 1886 முதல் புடாபெஸ்ட்டில் ஆசிரியர். இசையமைப்பாளர் பிராம்ஸ் திருத்தி எழுதிய முதல் பியானோ ட்ரியோ (பியானோ, வயலின், செல்லோ மூன்றுக்குமான படைப்பு) 1890-ல் புடாபெஸ்ட்டில் அரங்கேறியபோது செல்லோ வாசித்தவரும் போப்பரே. அவர் எழுதிய 40 பயிற்சிகளை இன்றைக்கும் உலகெங்கும் மாணவர்கள் சாதகம் செய்கிறார்கள். கச்சேரியில் கை எங்கே சிக்கும் என்று அறிந்த ஒருவரால்தான் அப்படி எழுத முடியும்.

வாசிக்கும் ஆசிரியர் என்ன கூடுதலாகத் தருகிறார் என்பதற்கு ஓர் இடம் சொல்கிறேன். மிக மெல்லிய தந்தியான ஏ தந்தியில் ஆள்காட்டி விரல் முதல் நிலையின் 'பி' ஸ்வரத்தில் இருக்கிறது (கழுத்தில் இடக்கை நிற்கும் இடத்தைத்தான் நிலை என்கிறோம்). அதே விரல் நான்காம் நிலையின் 'இ'க்கு ஏற வேண்டும். முழு அளவு செல்லோவில் இது சுமார் 15 செ.மீ. பயணம். பெரும்பாலான பிள்ளைகள் சுருதி இறங்கித்தான் போய்ச் சேருவார்கள். வெறும் காதால் கேட்கும் ஆசிரியர் "இன்னும் மேலே" என்பார். பிள்ளை விரலை இன்னும் நீட்டும், மணிக்கட்டு மடியும், சுருதி சேராது. உண்மையான குற்றவாளி கழுத்துக்குப் பின்னால் இருக்கும் கட்டைவிரல். அது மரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு பின்தங்கிவிடுகிறது. தாளம் காட்டும் கருவியான மெட்ரோனோமை நிமிடத்துக்கு 60 தட்டுகளில் வைத்து நான்கு எண்ணிக்கையில் செய்யச் சொல்ல வேண்டும்: இரண்டு எண்ணிக்கை 'பி' ஒலிக்கட்டும், மூன்றில் முழங்கை மட்டும் கிளம்பட்டும், நான்கில் விரலின் அழுத்தம் தந்தியைத் தொடும் அளவுக்குக் குறைந்து, கட்டைவிரலும் கையும் சேர்ந்து போகட்டும். 'இ'யில் சேர்ந்த பிறகே அழுத்தம். கட்டைவிரல் கழுத்தின் அடிவளைவில் வந்து உட்கார்ந்தால் இடம் சரி. கர்நாடக வயலின் படித்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு ஜாரு (ஒரு ஸ்வரத்திலிருந்து மற்றொன்றுக்கு இழைந்து செல்லும் கமகம்) பழக்கத்தால் விரல் எளிதாக வழுக்கும். ஆனால் வழியில் உள்ள ஒலியையும் சேர்த்தே கேட்கவைத்துவிடுவார்கள். அவர்களுக்கு வில்லின் எடையை அந்த நொடியில் குறைக்கச் சொல்லித்தர வேண்டும். நேற்று மாலை மேடையில் இதையே செய்த கை இதை ஒரு பார்வையில் கண்டுபிடிக்கும்.

வில் கையும் அப்படியே. வில்லின் எடை சுமார் 80 கிராம்தான். அடிப்பகுதியில் கையின் எடை தானாக இறங்கும். நுனிக்குப் போகப் போக ஒலி மெலியும். மாணவர் தோளைத் தூக்கி அழுத்துவார், கீச்சொலி வரும். முன்கையை லேசாக உள்பக்கம் திருப்பி ஆள்காட்டி விரல் வழியே எடையைக் கடத்துவதுதான் தீர்வு. புகழ்பெற்ற செல்லோ கலைஞர் பாப்லோ கசால்ஸ் படித்த காலத்தில் வலது அக்குளில் புத்தகம் ஒன்றை இடுக்கி வைத்து வாசிக்கப் பழக்குவார்கள். அவர் அந்தக் கையை விடுவித்தார், இடக்கை விரல்களுக்கும் புதிய நீட்சி கண்டார், அதையே பிறருக்கும் சொல்லிக்கொடுத்தார்.

இந்தத் தொழிலுக்கு வருவோர் நேரக் கணக்கில் ஏமாறக் கூடாது. என் கணிப்பில் வாரத்துக்கு 20 மணி நேரப் பாடமே உச்சவரம்பு. சொந்த சாதகம் மூன்று மணி நேரம் காலையிலேயே முடிய வேண்டும். மாலைப் பாடங்களுக்குப் பின் என்று ஒத்திப்போட்டால் நடக்காது. பாடத்தின் நடுவே கை சூடேறாமல், உடம்பைத் திருப்பிக்கொண்டு கடினமான இடத்தை வாசித்துக் காட்டுவதும் கூடாது. தசைநாண் வலி பலருக்கு அங்கேதான் தொடங்குகிறது.

பெற்றோருக்கும் ஒன்று. அளவு பார்க்காமல் இணையத்தில் செல்லோ வாங்காதீர்கள். பிள்ளையின் கையை விரித்து ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து சுண்டு விரல் நுனிவரை அளந்து பாருங்கள். 15 செ.மீ. இருந்தால் முழு அளவு, 13 என்றால் முக்கால், 10 என்றால் அரை. விரல் பலகை முடியும் இடத்தில் ஏ தந்தி சுமார் 5 மி.மீ., மிகத் தடித்த சி தந்தி 8 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். புதிதாக வரும் மலிவுக் கருவிகளில் தந்திகளைத் தாங்கும் மரத்துண்டான குதிரையைச் செதுக்காமலே அனுப்புவதால் தந்தி மிக உயரத்தில் நிற்கும். பிள்ளை பலம் கொண்டு அழுத்தும், கட்டைவிரல் மரத்தைக் கவ்வும். மேலே சொன்ன நோய் முதல் வாரத்திலேயே ஒட்டிக்கொள்ளும். சென்னையில் ஏசி அறைக்கும் வெளிக்காற்றுக்கும் இடையே கருவியை மாற்றி மாற்றி வைத்தால் தந்தியை முறுக்கும் பிருடை ஒருநாள் வழுக்கும், ஒருநாள் இறுகும், பலகை ஒட்டும் விட்டுப்போகும். சுருதி கூட்டக் கூட்டக் குதிரை விரல் பலகைப் பக்கம் சாயும். வாரம் ஒருமுறை பார்த்து நிமிர்த்துங்கள். உள்ளே நிற்கும் சிறு மரத்தூண் விழுந்துவிட்டால் நான்கு தந்திகளையும் உடனே தளர்த்திப் பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். இறுக்கத்தோடு விட்டால் மேல் பலகை அமுங்கிவிடும்.

செல்லோ ஆசிரியரைத் தேடுவோர் முதலில் கேட்க வேண்டியது, அவர் கடைசியாக எப்போது, எங்கே வாசித்தார் என்பதை. கட்டுரையாளர் அடுத்த பகுதியில் இதைச் சேர்த்து அந்த வரியைத் திருத்த வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செல்லோ ஆசிரியர் ஒருவர்,
சென்னை