எண்ணூரில் இருப்பது வேறு, பிரெல்யூட் வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

கடலில் மிதக்கும் எரிவாயு ஆலைகள் பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தால், எரிவாயுவை நடுக்கடலிலேயே திரவமாக்கும் ஷெல் நிறுவனத்தின் பிரெல்யூட் ஆலை போன்ற ஒன்று நாளை எண்ணூருக்கும் வந்துவிடும் என்று தோன்றுகிறது. வராது. வாயு கிடைக்கும் இடத்தில்தான் அதற்கு வேலை. 488 மீட்டர் நீளமுள்ள பிரெல்யூட், ஆஸ்திரேலியாவின் ப்ரூம் நகரிலிருந்து 475 கி.மீ. தள்ளி நடுக்கடலில் நிற்கிறது. கிணற்று வாயுவிலிருந்து கரியமில வாயு, ஈரம், பாதரசம் மூன்றையும் முதலில் நீக்கியாக வேண்டும். முதல் இரண்டும் உறைந்து குழாயை அடைக்கும். பாதரசம் அலுமினியப் பாகங்களை அரித்துவிடும். அதன்பிறகே மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்குகிறார்கள். இதற்கு மணிக்கு 5 கோடி லிட்டர் கடல்நீரை 150 மீட்டர் ஆழத்திலிருந்து இறைக்கிறார்கள். எண்ணூரை அடுத்த காட்டுப்பள்ளிக் கரையோரம் அந்த ஆழத்துக்கு எங்கே போவது?

எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் 2019 முதல் நடப்பது நேர் எதிர் வேலை. கப்பலில் வரும் திரவத்தைக் கரையிலுள்ள தொட்டிகளில் இறக்கி, சூடேற்றி, மறுபடி வாயுவாக்கி மணலி ஆலைகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள். திரவமாக்கும் இடத்தில் கடலுக்குத் திரும்பும் நீர் சூடாக இருக்கும். கடல்நீரால் சூடேற்றும் முனையத்தில் அது சில்லென்று இருக்கும். மீன்பாட்டை நம்பியிருக்கும் நெட்டுக்குப்பம், தாழங்குப்பத்துக்காரர்கள் கேட்க வேண்டியது, அந்த நீரை எங்கே, எத்தனை டிகிரி குறைவாக விடுகிறார்கள் என்பதைத்தான்.

கட்டுரையில் சொன்ன ‘மிதக்கும் வெடிகுண்டு’ மிகை. அந்தத் திரவம் அப்படியே எரியாது. ஆவி காற்றில் 5 முதல் 15 சதவீதம் கலந்தால்தான் தீப்பிடிக்கும். பிரெல்யூட்டை முடக்கியது மின்சாரக் கோளாறுதான். 2020 பிப்ரவரியில் ஒருமுறை நின்றது. 2021 டிசம்பரில் மின்பகுதியில் பிடித்த சிறு தீக்குப் பிறகு மொத்த மின்சாரமும் போக, மறு ஏப்ரலில்தான் உற்பத்தி தொடங்கியது. கரண்ட் போனாலும் தொட்டியில் ஆவியாவது நிற்காது. அந்த ஆவியை இழுத்து அழுத்தும் கம்ப்ரெசர் ஓடாவிட்டால் தொட்டியில் அழுத்தம் ஏறும். மணலியில் இரவில் தெரிகிறதே, அதுபோன்ற ஃபிளேரில், அதாவது உயரக் குழாயின் முனையில், எரித்தாக வேண்டும். திரவம் கசிந்து சாதாரண இரும்பில் பட்டாலோ தகடு அப்பளமாக நொறுங்கும். அதனால்தான் ஏற்றி இறக்கும் குழாய்களுக்குக் கீழே ஸ்டெயின்லெஸ் தட்டு வைத்து, கப்பலின் பக்கவாட்டில் தண்ணீரை வழியவிடுகிறார்கள்.

2023 மிக்ஜாம் புயலில் வடசென்னையின் பல பகுதிகள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. அத்தகைய நாட்களில் எண்ணூர்த் தொட்டிகளின் ஆவியை எந்த மின்சாரத்தைக் கொண்டு அடக்குகிறார்கள், அது எத்தனை மணி நேரம் தாங்கும் என்று தங்கள் நிருபர் விசாரித்து எழுதட்டும்.

– கப்பல் எஞ்சினியர் (ஓய்வு), திருவொற்றியூர்