திரையின் மூலையில் ஓர் எழுத்து

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. படித்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் போன் திரையின் மூலையில் தெரியும் 5ஜி, எச் எழுத்துகளைப் பற்றி நீ கேட்டிருந்த கேள்வி என்னை நம் விடுதி அறைக்கே கொண்டுபோய் விட்டுவிட்டது. பேனாவை மூடி வைத்துவிட்டுப் பரணில் ஏறி அந்தப் பழைய வானொலியைத் தேடத் தொடங்கினேன். நேற்றுதான் கையில் கிடைத்தது. பிடி உடைந்திருக்கிறது, ஆனால் இன்னும் பாடுகிறது.

நினைவிருக்கிறதா? மேசையில் வானொலி ஓடிக்கொண்டிருக்கும், பக்கத்தில் உன் பொத்தான் போன் கிடக்கும். பாட்டுக்கு நடுவே திடீரென்று ‘டட்டட்டட்... டட்டட்டட்’ என்று ஓர் உறுமல் எழும். “எனக்குப் போன் வருகிறது” என்று சொல்லிக்கொண்டே நீ கையை நீட்டுவாய். இரண்டு நொடி கழித்துத்தான் மணி அடிக்கும். உனக்கு ஏதோ ஞானம் இருப்பதாகப் பக்கத்து அறைக்காரர்கள் வியப்பார்கள்.

அந்த உறுமலின் காரணம் எனக்குப் பல ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. அந்தப் போன் 2ஜி, அதாவது இரண்டாம் தலைமுறைப் போன். ஓர் அலைவரிசையை எட்டுப் பேருக்குப் பங்கு போட்டுக் கொடுப்பது 2ஜியின் வழக்கம். எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பேச முடியாது என்பதால், ஆளுக்கு ஒரு நொடித்துணுக்கு என்று முறை வைத்துப் பேச வேண்டும். உன் போனின் முறை ஒரு நொடிக்கு ஏறத்தாழ 217 தடவை வரும். ஒவ்வொரு தடவையும் அது முழு வலுவோடு ஒரு துடிப்பை அனுப்பிவிட்டு அடங்கும். அந்தத் துடிப்புகளைத்தான் வானொலியின் ஒலிபெருக்கிக் கம்பிகள் பிடித்து உறுமலாக்கின. டவர் ‘உனக்கு அழைப்பு இருக்கிறது’ என்று சொன்னதும், மணி அடிப்பதற்கு முன்பே, உன் போன் ‘இங்கேதான் இருக்கிறேன்’ என்று பதில் கொடுத்துவிடும். வானொலி ஒட்டுக் கேட்டது அந்தப் பதிலைத்தான்.

3ஜி வந்ததும் அந்தச் சத்தம் நின்றுபோயிற்று. முறை வைத்துப் பேசுவதை விட்டுவிட்டார்கள். எல்லாரும் ஒரே அலைவரிசையில் ஒரே சமயத்தில் பேசுவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு தனிக் குறியீடு இருக்கும், அதை வைத்து டவர் ஆளைப் பிரித்துக்கொள்ளும். இப்படி விட்டுவிட்டு வந்த துடிப்பு தொடர்ச்சியாகிவிட்டதால் உறுமலும் போயிற்று. ஒரு தலைமுறை மாறியதை நாம் காதால் கேட்டிருக்கிறோம், நண்பா. அப்போது அது நமக்குத் தெரியவில்லை.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். புதுப் போனில் 5ஜி என்று நிற்கிறது, ஆனால் மாலையில் ஒரு படம்கூடப் போய்ச் சேருவதில்லை என்கிறாய். அம்மாவின் போனில் அழைப்பு வந்தவுடன் 4ஜி மறைந்து ‘எச்’ என்று மாறுகிறது, நெட் படுத்துவிடுகிறது, அதனால் இரண்டு போனையுமே மாற்றிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். வேண்டாம். அவசரப்படாதே. திரையின் மூலையில் இருக்கும் அந்த எழுத்தை வேகமானி என்று நினைத்துக்கொண்டு படிப்பதால் வருகிற குழப்பம் இது. உன் போனும் டவரும் எந்த மொழியில் பேசிக்கொள்கின்றன என்பது மட்டும்தான் அந்த எழுத்தில் இருக்கிறது.

போன மாதம் ஒரு நீண்ட ரயில் பயணம் போனேன். ஜன்னலோர இருக்கை. உனக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மூலையை மட்டும் கவனித்தேன். நகரத்துக்குள் 5ஜி. புறநகரில் 4ஜி, அதன் பக்கத்தில் சில நேரம் ஒரு கூட்டல் குறி. வயல்வெளி தொடங்கியதும் எச், அதிலும் கொஞ்ச நேரம் கூட்டல் குறி. மலைச்சரிவை ஒட்டி வண்டி வளைந்தபோது வெறும் இ (E). சுரங்கப் பாதையில் ஒன்றுமில்லை. ஒரு மணி நேரத்தில் இருபது ஆண்டுகளைப் பின்னோக்கிக் கடந்திருந்தேன்.

இ என்பது எட்ஜ். 2ஜியின் கடைசி மெருகு அது. அதற்கும் முந்தையது ஜி, அதாவது ஜிபிஆர்எஸ். அதே பழைய முறைத்துணுக்குகளைத்தான் இரண்டும் பயன்படுத்துகின்றன. ஜி ஒரு தடவைக்கு ஒரு பிட்டை, அதாவது தகவலின் மிகச் சிறிய துளியை, அனுப்பினால் இ மூன்று பிட்டுகளை அடைத்து அனுப்பும், அவ்வளவுதான் வித்தியாசம். ஜன்னலுக்கு வெளியே நான் எடுத்த படம் ஏறத்தாழ மூன்று மெகாபைட். போன்காரர்கள் வேகத்தைப் பிட்டில் சொல்வார்கள், படத்தின் அளவைப் பைட்டில் சொல்வார்கள். ஒரு பைட்டுக்கு எட்டு பிட், ஆக என் படம் 24 மெகாபிட். நொடிக்கு 200 கிலோபிட் போகிற இ இணைப்பில் அதற்கு இரண்டு நிமிடம் வேண்டும். 40 கிலோபிட் போகிற ஜியில் பத்து நிமிடம். 20 மெகாபிட் கிடைக்கும் 4ஜியில் ஒரு நொடிக்குச் சற்று மேல். அந்த மலைச்சரிவில் படம் போகவில்லை. ஆனால் ‘நலமாகப் போய்க்கொண்டிருக்கிறேன்’ என்று வீட்டுக்கு எழுதிய ஒரு வரி உடனே போய்விட்டது. இ எழுத்தைப் பார்த்தால் படத்தை நிறுத்திவிட்டுச் சொல்லை அனுப்பு. அது போய்ச் சேரும்.

எச் என்பது 3ஜியின் வேகமான வடிவம். பல போன்களில் சும்மா இருக்கும்போது 3ஜி என்று காட்டும், டேட்டா ஓடத் தொடங்கியதும் எச் ஆகிவிடும். பக்கத்தில் கூட்டல் குறி இருந்தால் இன்னும் வேகமான வகை. 4ஜியின் பக்கத்தில் வரும் கூட்டல் குறியின் பொருள் வேறு. உன் போன் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று அலைக்கற்றைகளைச் சேர்த்துப் பயன்படுத்த முடிகிறது என்பது அது. எல்டிஇ என்று சில போன்களிலும் 4ஜி என்று சில போன்களிலும் காண்பாய். இரண்டும் ஒன்றேதான்.

இரண்டு பெயர் வந்த கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நான்காம் தலைமுறை என்றால் ஓடும் வண்டியில் நொடிக்கு 100 மெகாபிட்டும், ஓரிடத்தில் இருப்பவருக்கு 1000 மெகாபிட்டும் தர வேண்டும் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 2008இல் வரையறுத்தது. 2009 டிசம்பரில் ஸ்டாக்ஹோமிலும் ஆஸ்லோவிலும் முதல் எல்டிஇ சேவை தொடங்கியபோது அது அந்த அளவை எட்டவில்லை. ஆனாலும் எல்லாரும் 4ஜி என்றே கூவி விற்றார்கள். 2010 டிசம்பரில் ஒன்றியம் இறங்கிவந்து, எல்டிஇயை மட்டுமல்ல, மேம்பட்ட 3ஜியைக்கூட 4ஜி என்று அழைத்துக்கொள்ளலாம் என்றது. 2019இல் அமெரிக்காவின் ஏடி அண்ட் டி நிறுவனம் இன்னும் ஒரு படி மேலே போய், 4ஜி போன்களின் மூலையிலேயே ‘5ஜி இ’ என்று காட்டத் தொடங்கியது. மறு ஆண்டு விளம்பரங்களை மேற்பார்க்கும் அமைப்பு ஒன்று அந்தப் பெயரைக் கைவிடச் சொன்னது. விளம்பரத்தில் விட்டார்கள், போனின் மூலையில் விடவில்லை. மக்கள் நாள் முழுவதும் பார்க்கிற ஓர் இடத்தில் உண்மையல்லாத எழுத்தை வைப்பது தவறு என்றே நான் நினைக்கிறேன். உனக்கும் எனக்கும் மூலையைத் தவிர வேறு என்ன தெரியும்?

உன் 5ஜி எழுத்திலும் இதில் கொஞ்சம் கலந்திருக்கிறது. உலகெங்கும் 5ஜி பெரும்பாலும் 4ஜியின் தோளில் ஏறித்தான் வந்தது. உன் போன் முதலில் 4ஜி டவரோடுதான் கைகோக்கும். டேட்டா நிறையத் தேவைப்படும்போது 5ஜி அலை துணைக்கு வந்து சேரும். ‘இங்கே 5ஜியும் கிடைக்கும்’ என்று டவர் சொல்லிவிட்டாலே போதும், உண்மையில் நீ 4ஜியில் இருந்தாலும் மூலையில் 5ஜி என்று எழுதிவிடும்படி சில சேவைகளில் வைத்திருக்கிறார்கள். எழுத்து உன்னிடம் பொய் சொல்லவில்லை, ஆனால் முழுவதையும் சொல்லவும் இல்லை. 4ஜியின் தோள் இல்லாமல் தன் காலிலேயே நிற்கும் 5ஜியும் உண்டு. வெளியே பார்த்தால் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான்.

அடுத்து அந்தக் கோடுகள். ‘நான்கு கோடும் முழுதாக இருக்கிறது’ என்று இரண்டு முறை எழுதியிருக்கிறாய். டவரின் குரல் உன் போனுக்கு எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதற்கு மட்டும்தான் கோடு. உனக்கு முன்னால் வரிசையில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பது அதில் தெரியாது. மாலையில் எல்லாரும் வீடு திரும்பிக் காணொளி பார்க்கிற நேரத்தில், ஒரே டவரின் கொள்ளளவை எத்தனையோ பேர் பிரித்துக்கொள்கிறார்கள். குரல் கணீரென்று கேட்கும், முறைதான் வராது. விடியற்காலையில் அதே இடத்தில் அதே படத்தை அனுப்பிப் பார். போய்விட்டால் உன் போனில் குறை இல்லை.

எத்தனை சிக்னலுக்கு எத்தனை கோடு என்று பொதுவான விதியும் கிடையாது. பெரும்பாலும் அந்தந்தப் போன் தயாரிப்பாளர்தான் முடிவு செய்கிறார். 2010இல் ஐபோன் 4 வந்தபோது, அதன் இடது கீழ் ஓரத்தைப் பற்றிப் பிடித்தால் கோடுகள் சரிகின்றன என்று பெரிய கூச்சல் எழுந்தது. ஆராய்ந்துவிட்டு ஆப்பிள் நிறுவனமே ஜூலை 2 அன்று வெளிப்படையாக ஒரு கடிதம் எழுதியது. கோடு கணக்கிடும் சூத்திரமே தவறாம், இரண்டு கோடு காட்ட வேண்டிய இடத்தில் நான்கு கோடு காட்டிக்கொண்டிருந்ததாம். ஆகவே உன் போனில் நான்கும் பக்கத்து வீட்டுக்காரர் போனில் இரண்டும் இருந்தால், உன்னுடையது உயர்ந்தது என்று ஆகிவிடாது.

கோட்டின் பக்கத்தில் ஆச்சரியக்குறி வந்தால் டவர் கிடைத்திருக்கிறது, ஆனால் இணையம் வந்து சேரவில்லை என்று பொருள். ஆர் என்றால் உன் சிம் வேறொரு நிறுவனத்தின் டவரில் விருந்தாளியாக இருக்கிறது. கட்டண விவரம் தெரியாமல் அந்த எழுத்தோடு டேட்டா பயன்படுத்தாதே.

இன்னொன்று. ‘வீட்டுக்குள் 5ஜி நன்றாக வருகிறது, வெளியே போனால்தான் தகராறு’ என்று எழுதியிருக்கிறாய். உன் வீட்டு வைஃபையின் பெயருக்குப் பின்னால் 5ஜி என்று இருக்கும், அதைத்தான் சொல்கிறாய் என்று நினைக்கிறேன். அது ஐந்தாம் தலைமுறை அல்ல. 5 கிகாஹெர்ட்ஸ் என்பதன் சுருக்கம், அந்த வைஃபை இயங்கும் அலையின் அதிர்வெண். அதே பெட்டி 2.4 கிகாஹெர்ட்ஸிலும் ஒரு வைஃபையைப் பரப்பிக்கொண்டிருக்கும். பெட்டிக்கு அருகே 5 வேகமானது, இரண்டு சுவர் தாண்டினால் 2.4 உறுதியானது. உன் வைஃபைக்கும் டவருக்கும் இதில் ஒரு தொடர்பும் இல்லை.

அம்மாவின் போனுக்கு வருகிறேன். எனக்கு உண்மையில் கவலை தருவது இதுதான். 2ஜியிலும் 3ஜியிலும் பேச்சுக்கென்று தனிப் பாதை இருந்தது. 4ஜியில் அது இல்லை. எல்லாமே டேட்டாதான். அதனால் பேச்சையும் டேட்டாவாக மாற்றி அனுப்ப ஓர் ஏற்பாடு செய்தார்கள். அதன் பெயர் வோல்ட்டி (VoLTE). அம்மாவின் போனில் அது இல்லை, அல்லது அணைந்து கிடக்கிறது. ஆகவே அழைப்பு வந்ததும் போன் 4ஜியை விட்டுவிட்டு, பேசுவதற்காக 3ஜிக்கு இறங்கிப் போகிறது. நீ பார்த்த எச் அதுதான். 3ஜிக்கு இறங்கினால் நெட் மெதுவாகும், 2ஜிக்கு இறங்கினால் பெரும்பாலும் அடியோடு நின்றுவிடும். பேசி முடித்ததும் மறுபடி மேலே ஏறிவிடும். போன் பழுதாகவில்லை.

ஆனால் இறங்கிப்போக ஒரு படி இருக்கும்வரைதான் இது நடக்கும். ஜெர்மனியில் 2021இல் 3ஜியை அணைத்துவிட்டார்கள். அமெரிக்காவில் 2022இல், ஆஸ்திரேலியாவில் 2024இல். பழைய 2ஜியை நம்பி மின்தூக்கியின் அபாய மணியும் மின் அளவிகளும் ஓடுவதால், ஐரோப்பாவில் பல இடங்களில் 2ஜியை விட்டுவைத்து 3ஜியை முதலில் எடுத்தார்கள். இரண்டும் போன இடத்தில் வோல்ட்டி இல்லாத போனில் 4ஜி என்று எழுத்து இருக்கும், படம் வரும், செய்தி வரும். அழைத்தால் மட்டும் போகாது. இரவில் உடம்புக்கு முடியாமல் அம்மா உன்னை அழைக்க வேண்டி வந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்.

ஆகையால் இந்த வாரமே அம்மாவின் போனை வாங்கி, அமைப்புகளில் மொபைல் நெட்வொர்க் பகுதிக்குப் போ. வோல்ட்டி என்றோ 4ஜி அழைப்பு என்றோ ஒரு பொத்தான் இருக்கும். அணைந்திருந்தால் போடு. இரண்டு சிம் இருந்தால் இரண்டிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். பொத்தானே இல்லாவிட்டால், அந்த மாதிரிப் போனுக்கு வோல்ட்டி தருகிறார்களா என்று சிம் நிறுவனத்திடம் கேள். தருவதில்லை என்று சொன்னால், நீ சேர்த்து வைத்திருக்கும் பணத்தை அம்மாவுக்கு ஒரு புதுப் போன் வாங்கச் செலவழி. உன்னுடையது இன்னும் நாலைந்து வருடம் தாராளமாக ஓடும்.

பொத்தானைப் போட்டதும் அம்மாவின் போனிலிருந்து எனக்கு ஓர் அழைப்பு போடு. அம்மாவின் குரலைக் கேட்டும் நாளாயிற்று. அம்மா பேசிக்கொண்டிருக்கும்போது நீ பக்கத்தில் நின்று திரையின் மூலையைப் பார். 4ஜி அப்படியே நிற்கிறதா, எச் ஆகிறதா என்று எனக்குச் சொல்.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்