அந்த ஸ்லைடைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள்

தென்னை விவசாயிகளுக்குப் பயிற்சி வகுப்பு நடத்தும் அலுவலர்களுக்கு,

வணக்கமுங்க. பொள்ளாச்சிப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் என் அப்புச்சியைக் கூட்டிக்கொண்டு போன மாதம், தென்னையைத் தாக்கும் வெள்ளை ஈ பற்றிய வகுப்புக்கு வந்திருந்தேன். சுருள் வெள்ளை ஈயை இந்த நாட்டில் முதலில் கண்டதே 2016-இல் எங்கள் பகுதியில்தான். அதனால் மண்டபம் நிறைந்திருந்தது. நீங்கள் சொன்னதெல்லாம் எங்களுக்கு வேண்டிய விஷயம். ஆனால் திரையில் ஸ்லைடுகள் தானாக ஓடின.

வெள்ளை ஈயால் ஓலையில் படியும் கரும்பூசணத்துக்கு லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம் மைதா. அப்புச்சி நோட்டில் '25' எழுதிவிட்டு நிமிர்ந்தார், மஞ்சள் ஒட்டுப்பொறி வந்திருந்தது. கிராமா, மில்லியா என்று பக்கத்தில் இருந்தவரைக் கேட்டார். அவரும் அங்கேதான் விட்டிருந்தார். அலுவலர் மைதாக் கரைசலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, திரை, வெள்ளை ஈயை அழிக்கும் என்கார்சியா குளவிக்குப் போய்விட்டது. நான் போனில் படம் பிடித்திருந்ததால் எங்களுக்கு அளவு கிடைத்தது. சாதா போனோடு வந்தவர்கள் என்ன செய்வார்கள்?

பவர்பாயிண்டில் 'ரிஹர்ஸ் டைமிங்ஸ்' என்று ஒன்று உண்டு. ஒத்திகை பார்க்கும்போது ஒவ்வொரு ஸ்லைடிலும் நின்ற நேரத்தை அது பதிந்துகொள்ளும். அலுவலகத்தில் யாரோ மனதுக்குள் படித்துப் பார்த்த வேகம்தான் அன்று ஓடியது என்று நினைக்கிறேன். விஷயம் தெரிந்தவருக்கு ஐந்து நொடி போதும். கண்ணாடியை எடுத்து மாட்டி, எழுத்துக்கூட்டி எழுதுகிற எழுபது வயதுக்காரருக்குப் போதாது.

சரிசெய்வது சுலபம். 'ஸ்லைடு ஷோ' டேபில் 'செட் அப் ஸ்லைடு ஷோ'வைத் திறந்து 'மேனுவலி' என்பதைத் தேர்ந்தெடுங்கள். பதிந்த நேரம் அழியாது, ஆனால் கிளிக் செய்தால்தான் ஸ்லைடு நகரும். நேரமே வேண்டாம் என்றால் 'டிரான்சிஷன்ஸ்' டேபின் வலது ஓரத்தில் 'ஆஃப்டர்' டிக்கை எடுத்துவிட்டு, 'ஆன் மவுஸ் கிளிக்'கை மட்டும் வைத்து, 'அப்ளை டு ஆல்' கொடுங்கள். இரண்டிலும் டிக் இருந்தால் எது முந்துகிறதோ அதன்படி நகரும், கையில் மவுஸ் இருந்தும் பயனில்லை. வகுப்பு நடுவில் ஓட ஆரம்பித்துவிட்டால் கீபோர்டில் 'எஸ்' (S) எழுத்தைத் தட்டுங்கள், நின்றுவிடும்.

டீ இடைவேளையில் படங்களை மட்டும் தானாக ஓடவிடுங்கள், அதற்கு அது நல்ல வசதி. மருந்தளவு இருக்கும் ஸ்லைடுக்கு வேண்டாம்.

அப்புறம் ஒரு வேண்டுகோள். அடுத்த வகுப்பில் அந்த மைதா ஸ்லைடை முதலில் போட்டு, "எழுதியாச்சுங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அன்று பாதியில் விட்டவர்கள் நிறையப் பேர்.

இப்படிக்கு,
ஒரு தென்னை விவசாயியின் பேத்தி